பெரியம்மா கொடுக்காத மருந்து

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தைத் திறந்ததும், "ஆர் இந்த வெள்ளைக்கார அம்மா? மலர் மாறி வந்திட்டுதோ?" என்று நீங்கள் நினைக்கக்கூடும். மாறவில்லை. இவர்தான் எங்கள் பெரியம்மா. இத்தாலியின் வடக்கே ஒரு மலைக் கிராமத்தில் பிறந்து, மொன்றியலில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, நூற்றிரண்டாவது வயதில், சென்ற ஆண்டு இதே மாதம், செயின்ட்-மிஷேலில் உள்ள தம் வீட்டுக் கட்டிலில் எங்கள் கைகளுக்குள் கண்ணை மூடியவர். எங்களுக்கும் அவருக்கும் இரத்த உறவு ஒரு சொட்டும் கிடையாது. அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா ஆனார். நான் அவருக்குப் பெறாமகள் ஆனேன். பிள்ளை குட்டி இல்லாத அவருக்கு இந்த ஓராண்டு நினைவு மலரை எழுதும் பொறுப்பு அப்படித்தான் என் தலையில் வந்தது. நான் பேருந்து ஓட்டுபவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் குடும்பத்தின் குலவிளக்கே" என்று தொடங்கச் சொன்னார் மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. இப்போது மொன்றியலின் லாசால் பகுதியில் இருக்கிறார். தெரிந்தவர்களில் யார் செத்தாலும் மலருக்கு எழுதிக் கொடுப்பவர் அவர்தான். ஆனால் பெரியம்மா எனக்குக் கட்டளை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வரும் நினைவு மலர்களை எல்லாம் அவர் மடியில் வைத்துக்கொண்டு, படத்தைக் காட்டி, "இவர் எப்படிப்பட்டவர்? வாசி" என்பார். நான் பிரெஞ்சில் சொல்லுவேன். அன்பானவர், பண்பானவர், ஈகை மிக்கவர், எறும்புக்கும் தீங்கு நினையாதவர். பத்துப் பதினைந்து மலர் வாசித்த பிறகு ஒருநாள் கேட்டார்: "உங்கள் ஊரில் கெட்டவர்கள் சாவதே இல்லையா?" பிறகு சிரிக்காமல் சொன்னார்: "எனக்கும் போடுவீர்கள், தெரியும். போட்டால் உண்மையைப் போடு. முடியாதென்றால் போடாதே."

ஆகவே உண்மையைப் போடுகிறேன். மனம் இளகியவர்களும் சின்னப் பிள்ளைகளும் நடுப்பக்கங்களைத் தாண்டிப் போகலாம்.

பெரியம்மாவின் தகப்பனார் பள்ளி ஆசிரியர். அந்த நாளில் அங்கே ஆட்சி பாசிசக் கட்சியின் கையில் இருந்தது. கட்சி அட்டை வாங்க அவர் மறுத்தார். அந்தக் கட்சியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் வந்து, அவரைப் பள்ளிக்கு முன்னால் தெருவில் முழங்காலில் இருத்தி, பொல்லால் அடித்து, வாயைப் பிளந்து ஒரு போத்தல் ஆமணக்கெண்ணெயை ஊற்றினார்கள். ஆள் தன் ஆடையிலேயே கழிந்துகொண்டு வீட்டுக்குத் தவழ்ந்து வந்தார். படிப்பித்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியம்மாவுக்கு அப்போது வயது ஆறு. குடல் அழுகி அவர் சாகச் சில மாதங்கள் எடுத்தன. அந்த மாதங்களில்தான் தாம் மருத்துவர் ஆவதென்று பெரியம்மா முடிவு செய்தார். நல்ல மனத்தால் வந்த முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். "கோபத்தால் வந்த முடிவு" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மருத்துவப் படிப்பு பாதியில் இருக்கும்போதே ஜெர்மன் படை வந்துவிட்டது. நகரத்தில் ஆட்களைப் பிடித்துத் தூக்கில் போட்டு, பிணத்தை இறக்கவும் விடாமல் நாள்கணக்கில் தொங்க விட்டார்கள். பெரியம்மா ஒரு பைக்குள் கத்திகளையும் ஊசி நூலையும் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டார். அங்கே பாசிசத்தை எதிர்த்துச் சண்டை பிடித்த ஒரு குழுவுக்கு அவர்தான் மருத்துவர். வயது இருபத்தொன்று. தச்சர் மரம் அறுக்கும் வாளால் கால் வெட்டினார். பனியில் கறுத்த விரல்களை இடுக்கியால் கழற்றினார். கட்டிய துணியையே அவித்துத் திரும்பக் கட்டினார். இதையெல்லாம் சோறு சாப்பிட்டுக்கொண்டே எங்களுக்குச் சொல்லுவார். ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தார்.

போர் முடிந்து, விட்ட படிப்பையும் முடித்து, சில ஆண்டுகளில் கப்பல் ஏறி இந்த நாட்டுக்கு வந்தார். இங்கே பிரெஞ்சில் மறுபடி எல்லாச் சோதனையும் எழுதி, செயின்ட்-மிஷேலில் மூன்று தட்டு மாடி வீடு ஒன்றின் கீழ்த்தட்டில் குடியிருந்து, அங்கேயே சின்ன மருத்துவமனை வைத்தார். அந்த வீட்டின் இரண்டாம் தட்டுக்குத்தான் நாங்கள் குடிவந்தோம். அம்மா, மாமா, ஒன்பது வயது நான். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு ஓர் அண்ணா இருந்தார். என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவர். நாங்கள் வருவதற்கு முதல் ஆண்டு, சண்டை நடந்துகொண்டிருந்த எங்கள் ஊரில் இறந்தார். செல் குண்டு விழுந்து செத்துப்போனார் என்று அம்மா எல்லோருக்கும் சொல்லியிருந்தார். மொன்றியலில் இருக்கும் நீங்களும் அப்படித்தான் அறிந்திருப்பீர்கள்.

வந்த முதல் பனிக்காலமே நான் வெளி இரும்புப் படியில் வழுக்கி நெற்றியைப் பிளந்துகொண்டேன். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். பெரியம்மா காயத்தைப் பார்த்தார். நோகாமல் இருக்க விறைப்பு ஊசி போட்டார். பொறுத்திருந்தார். ஊசி நுனியால் மெல்லக் குத்தி, நோகிறதா என்று சைகையால் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். இன்னொரு ஊசி. மறுபடி பொறுத்திருந்தார். இரத்தம் கண்ணுக்குள் வழிகிறது, மனுஷி கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது. அம்மாவுக்கு விசர் வந்துவிட்டது. "நாலு தையலுக்கு இவ்வளவு நேரமே? ஊரிலை எண்டா இதுக்குள்ளை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கும்" என்று கத்தினார். பெரியம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மூன்றாம் முறை குத்திப் பார்த்து, நான் இல்லை என்ற பிறகுதான் தைத்தார். முள் எடுக்க வந்தவனுக்கும் அப்படித்தான். அந்தத் தெருவில் இத்தாலியரும் ஹெயிட்டிக்காரரும் நம்மவரும் அவரைப் பகிடி பண்ணுவார்கள், கிழவி நகம் வெட்டவும் விறைப்பு ஊசி போடும் என்று. பிறர் நோவதை அவரால் பொறுக்க முடியாது, அத்தனை இரக்கம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அவருக்கு எண்பது வயது நெருங்கிய ஆண்டில் பேஸ்மென்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறிவிட்டது. அம்மாவும் நானும் அவருடைய பெட்டிகளைத் தூக்கி, நனைந்த கடதாசிகளை உலர்த்தினோம். ஒரு கடித உறைக்குள் சின்னப் படம் ஒன்று. அடையாள அட்டையில் இருந்து கிழித்தது, மூலையில் பாதி முத்திரை. பத்தொன்பது இருபது வயது, ஒட்டிய கன்னம், பெரிய காது. அம்மா அதைப் பார்த்து அழுதேவிட்டார். "பாவம், கட்ட இருந்த பெடியனாக்கும். சண்டையிலை செத்திருப்பான். அதுதான் மனுஷி கலியாணமே கட்டேல்லை."

அதன் பிறகு அம்மா செய்ததை எங்கள் ஆட்கள்தான் செய்வார்கள். படத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு நம்மவர் ஸ்டூடியோவுக்குப் போனார். முத்திரையை அழித்து, ஆளைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானம் வைத்து, செத்த நம்மவர் எல்லோருக்கும் செய்வதுபோல அவனுக்கும் ஒரு கோட்டும் டையும் போட்டுக் கொடுத்தார்கள். தங்கச் சட்டம். அதில் சந்தன நிறப் பிளாஸ்டிக் மாலை. பிறந்தநாள் அன்று கேக் வெட்டிய கையோடு அம்மா அதைப் பெரியம்மாவின் மடியில் வைத்தார்.

பெரியம்மா கத்தவில்லை. அந்தக் கோட்டை விரலால் சுரண்டினார், கண்ணாடிக்கு மேலே, நகம் முறியச் சுரண்டினார். "கோட்டு ஏன் போட்டீர்கள்? கோட்டை நான்தானே கழற்றினேன்" என்றார்.

அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். நான் செய்தேன், நான் கொடுக்கவில்லை என்று ஒவ்வொன்றையும் என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

அவன் பெயர் எலியோ. மலைக்கு மேலே ஒரு மாட்டுக் கொட்டிலில் பெரியம்மா காயக்காரர் ஏழு பேரை ஒளித்து வைத்திருந்தார். அவர்களுக்குப் பால் கொண்டுவருகிறவன் எலியோ. ஒருநாள் பெரியம்மா கட்டுத் துணி கழுவ ஓடைக்கு இறங்கியிருந்த நேரம் கறுப்புச் சட்டைக்காரர்கள் நேரே அந்தக் கொட்டிலுக்கு வந்தார்கள். எழும்ப முடியாமல் வைக்கோலில் கிடந்தவர்களைத் துவக்கு நுனிக் கத்தியால் வயிற்றில் குத்தினார்கள். குத்திவிட்டுக் கொளுத்தினார்கள். பெரியம்மா ஓடைக்குள் கழுத்தளவு ஐஸ் தண்ணீரில் இருந்துகொண்டு அந்த ஓலத்தை முடியும்வரை கேட்டார். திரும்பி வந்தபோது, தாம் கால் வெட்டிய ஒருவர் வாசல்வரை ஊர்ந்துவந்து கரிந்து கிடந்தார். கட்டு மட்டும் அவிழவில்லை. "நல்லாய்க் கட்டியிருக்கிறன் எண்டு நினைச்சன். அந்த நேரத்திலை அதைத்தான் நினைச்சன்" என்றார் பெரியம்மா.

மூன்றாம் நாள் மலைக் குழுவினர் எலியோவைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஓடியபோது தொடையில் சுட்டிருந்தார்கள். எலும்பில் குண்டு. தானே காட்டிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டான். ஏனென்று பெரியம்மா கேட்கவே இல்லை. குழுவின் தலைவர் சொன்னார்: "படுத்திருப்பவனைச் சுட நாங்கள் அவர்கள் அல்ல. இவனை நிற்க வை."

பெரியம்மா தம் கோட்டு உள்மடிப்பில், நோவு தெரியாமல் செய்யும் மோர்பின் குப்பிகள் இரண்டைத் தைத்து வைத்திருந்தார். அது யாருக்கும் தெரியாது. நான்கு பேர் எலியோவின் கையையும் காலையும் அமத்திப் பிடித்தார்கள். பெரியம்மா வெட்டினார். அவன் தன் உதட்டையே கடித்துத் துப்பினான். தாயைக் கூப்பிட்டான். பிறகு பெரியம்மாவைத் தாயே என்று கூப்பிட்டான். சீக்கிரமாக எடுத்திருக்கக்கூடிய குண்டு. பெரியம்மா ஆறுதலாக, மெல்ல மெல்ல எடுத்தார். "மருந்து என்னட்டை இருந்தது. குடுக்கேல்லை. அவன் கத்த வேணும் எண்டு நினைச்சன். அவன் கத்தினது எனக்கு நல்லாயிருந்தது."

பன்னிரண்டு நாள் அவனுக்குக் கூழ் பருக்கி, புண் கழுவி, கைத்தாங்கலாக நடத்தினார். பதின்மூன்றாம் நாள் தலைவரிடம் போய், "நடக்கிறான்" என்றார். சுவர் ஓரம் கொண்டுபோனார்கள். அவன் போட்டிருந்தது நல்ல கம்பளிக் கோட்டு. குண்டு பட்டால் வீண். பெரியம்மா முன்னால் போய் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி எடுத்தார். சட்டையோடு நின்று நடுங்கினான். "குளிருது" என்றான். கடைசியாகச் சொன்னது அதுதான். முதல் வெடியில் சாகவில்லை. பெரியம்மா குனிந்து நாடியைப் பார்த்துவிட்டு, இன்னும் இருக்கிறது என்று விரலைக் காட்டினார். மறுபடி சுட்டார்கள். அந்தக் கோட்டுப் பைக்குள் இருந்த அட்டையில் இருந்துதான் படத்தைக் கிழித்தார். கோட்டை வேறொரு காயக்காரருக்குப் போட்டுவிட்டார். குப்பிகளில் ஒன்று கையில் உடைந்து வீணாய்ப் போனது. மற்றதைத் தலைவர் சாகும்போது அவருக்குப் போட்டார்.

"சுட்டது சண்டை. அதுக்கு நான் ஆரிட்டையும் மன்னிப்புக் கேக்கேல்லை. மருந்து குடுக்காதது நான்" என்று முடித்தார் பெரியம்மா.

நான் இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அம்மா எழும்பி மேலே போனார். அருவருத்துப் போய்விட்டார் என்று நினைத்துப் பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா திரும்பி வந்தபோது கையில் அண்ணாவின் படம் இருந்தது. பதினான்கு ஆண்டாக அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் கிடந்த படம்.

"அவவுக்குச் சொல்லு பிள்ளை. இவன் செல்லடியிலை சாகேல்லை."

எனக்கு அப்போது வயது இருபத்துமூன்று. அந்த உண்மையை அன்றுதான் நானும் கேட்டேன். அண்ணாவைக் கொன்றது எங்கள் ஆட்கள், எங்களுக்காகத் துவக்கு எடுத்த இயக்கத்துப் பெடியள். துரோகி என்று மட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டு, மத்தியானம் சந்தி லைட் போஸ்டில் கட்டினார்கள். பின்னேரம் தலையில் சுட்டார்கள். அதற்கு முதல் அடித்ததில் ஒரு கண் வெளியே வந்திருந்தது. வெயிலுக்குள் தண்ணீர் கேட்டாராம். நின்ற சனத்தில் ஒருவரும் கொடுக்கவில்லையாம். அம்மாவை அயலார் வீட்டுக்குள் பூட்டிப் பிடித்திருந்தார்கள். செத்த வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. பாடை தூக்க ஆள் இல்லாமல் மாட்டு வண்டிலில் ஏற்றினார்கள். மலர் இல்லை, ஒரு துண்டுப் பிரசுரம்கூட இல்லை. அண்ணா எதைச் செய்தார், செய்தாரா என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

பெரியம்மா அம்மாவின் காலைத் தொடக் குனிந்தார். அம்மா விடவில்லை. பெரியம்மாவின் சுவரில் இரண்டு ஆணி அடித்து, எலியோவின் படத்தையும் அதன் பக்கத்தில் அண்ணாவின் படத்தையும் மாட்டினார். எலியோவின் மாலையைக் கழற்றவில்லை. கோட்டையும் மாற்றவில்லை. "குளிருது எண்டவன்தானே, இருக்கட்டும்" என்றார். பார்க்க வருபவர்கள் யார் இவர்கள் என்று கேட்டால், "பிள்ளையள்" என்பார். அந்தச் சுவரின் கீழ் இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து கோப்பி குடித்தார்கள், சண்டை பிடித்தார்கள், ஒருவருக்கு விளங்காத மொழியில் மற்றவர் கதைத்தார்கள்.

சென்ற ஆண்டு பெரியம்மாவின் எலும்புகளுக்குள் புற்றுநோய் பரவிவிட்டது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டிலேயே கிடந்தார். வீட்டுக்கு வரும் தாதி மோர்பின் ஊசியை எடுத்தார். பெரியம்மா வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். நோயாளி வேண்டாம் என்றால் போட முடியாது, அதுதான் சட்டம். ஐந்து நாள். இதை நான் குறைத்து எழுதப்போவதில்லை. புரண்டால் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. தலையணையைக் கடித்துக் கிழித்தார். அந்த வயதில் ஒரு மனுஷிக்கு அவ்வளவு சத்தம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. மேல்தட்டுப் பிள்ளைகள் அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. "நூற்றிரண்டு வயதில் யாருக்கு இந்த வீம்பு?" என்று கத்தினேன். "அவனும் இப்படித்தான் கத்தினான்" என்றார். முகத்தில் ஒரு பிடிவாதம். கணக்கைச் சரிசெய்துகொண்டு சாவதென்று முடிவெடுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை அம்மா கட்டிலில் ஏறி இருந்து, பெரியம்மாவின் தலையைத் தூக்கித் தம் மடியில் வைத்தார். மாமா கஞ்சிப் பிளாஸ்க்கோடு வாசலில் நின்றார். தாதி ஒரு பக்கம். நான் வழக்கம்போல் மொழிபெயர்க்க.

"அக்கா, உங்களுக்கு நோகிறதாலை எலியோவின்ரை நோ குறையாது. அவனுக்குத் தேவைப்பட்டது மருந்து. நீங்கள் கத்துறதை அவன் கேக்கேல்லை. என்ரை பிள்ளை தண்ணி கேட்டவன். ஒருத்தரும் குடுக்கேல்லை. இப்ப ஊரே தண்ணி குடியாமல் கிடந்து செத்தாலும் எனக்கு அதாலை ஒண்டும் இல்லை. ஒருத்தன் குடுத்திருந்தால் அது போதும். நீங்கள் அவனுக்குக் குடுக்கேல்லை. இண்டைக்கு நான் குடுக்கிறன், செத்துப்போன ரெண்டு பேருக்கும் சேர்த்து. வாங்குங்கோ அக்கா."

நான் சொல்லி முடிக்கும்வரை பெரியம்மா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடியிருந்த கையைத் திறந்து நீட்டினார். தாதி ஊசியைப் போட்டார். அம்மா கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, பெரியம்மாவின் இடுப்பை மெல்ல அமத்தி, "நோகுதோ?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினார். மறுபடி பொறுத்திருந்தார். மறுபடி அமத்தினார். "இப்ப?"

"இல்லை" என்றார் பெரியம்மா. தமிழில் சொன்னார். அடுத்த நாள் பின்னேரம் சத்தம் இல்லாமல் போனார். அவர் எழுதி வைத்தபடி எலியோவின் படத்தை அவரோடு சவப்பெட்டிக்குள் வைத்து அனுப்பினோம். நீங்கள் கடைசிப் பக்கத்தில் பார்ப்பது அதன் பிரதி. பக்கத்தில் இருப்பவர் என் அண்ணா. அவரைப் போட்டு வெளிவரும் முதல் மலர் இது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நினைவு மலரிலை இதெல்லாம் எழுதுறதே பிள்ளை? சனம் என்ன கதைக்கும்?" என்றார். பெரியம்மா கேட்ட உண்மை இதுதான் என்றேன். கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டார். பிறகு, "அப்ப இதையும் போடு" என்றார். அம்மாவுக்கு முன்னால்தான் சொன்னார்.

"நானும் அண்டைக்குச் சந்தியிலை நிண்டனான். சைக்கிள் ஹாண்டிலிலை தண்ணிப் போத்தல் தொங்கினது. அவன் என்னைப் பாத்துத்தான் கேட்டவன். மாமா எண்டு கூப்பிடேல்லை. கூப்பிட்டா என்னையும் பிடிப்பாங்கள் எண்டு அவனுக்குத் தெரியும். ஆரோ வழிப்போக்கனைக் கேக்கிற மாதிரி, 'அண்ணை, கொஞ்சம் தண்ணி' எண்டான். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போயிட்டன்."

அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து மாமாவுக்கு முன்னால் வைத்துவிட்டு இருந்தார். மாமா அதைக் குடித்து முடிக்க வெகுநேரம் எடுத்தது.

பெரியம்மாவின் நோய் நாள்களில் கூட இருந்த தாதிக்கும், சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட மேல்தட்டுக் குடும்பத்துக்கும், பனிக்குள் மண் வெட்டித் தந்தவர்களுக்கும், இரு மொழியிலும் பூசை ஒப்புக்கொடுத்த குருவானவருக்கும், தெரியாமல் ஒரு கோட்டைப் போட்டுக் கொடுத்த ஸ்டூடியோக்காரருக்கும் எங்கள் நன்றி. நினைவு நாள் பூசை முடிந்து மதிய உணவுக்கு அனைவரும் வாருங்கள். மண்டப வாசலில் மாமா தண்ணீரோடு நிற்பார். தாகம் இல்லாவிட்டாலும் அவர் கையால் வாங்கிக் குடித்துவிட்டு உள்ளே வாருங்கள்.

இப்படிக்கு,
பெறாமகள்